பிரளயம் வருமாம்: பீகார் நிலநடுக்க வதந்திகளும் அறிகை இசைவின்மைக் கோட்பாட்டின் தோற்றமும்

லியான் ஃபெஸ்டிங்கர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட அறிகை இசைவின்மைக் கோட்பாடு, இருபதாம் நூற்றாண்டுச் சமூக உளவியலில் மிகுதியான சோதனைகளுக்கு வழிவகுத்த கோட்பாடுகளுள் ஒன்றாகும். ஒருவர் மனத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு அறிகைகள் உடனிருப்பின் அவை ஒருவகை உறுத்தலை விளைவிக்கும். பசி உணவைத் தேடச் செய்வதுபோல, அவ்வுறுத்தல் தன்னைத் தணித்துக்கொள்ளும் வழியைத் தேடச் செய்யும். நடத்தையை மாற்ற இயலாதவிடத்து மனிதர் தம் கருத்தை மாற்றிக்கொள்வர். அன்றேல் பொருந்தாமையைப் போக்கும் புதிய செய்திகளைச் சேர்த்துக்கொள்வர். புகைபிடித்தல் கேடு என்று அறிந்தும் அதனை விடாதவர், அக்கேடு பெரிதன்று என்று காட்டும் செய்திகளை விரும்பிப் படிப்பது ஃபெஸ்டிங்கரே காட்டும் எடுத்துக்காட்டு.

இக்கோட்பாட்டின் வரலாற்றைச் சிகாகோ நகரையடுத்த ஒரு சமயக் குழுவிலிருந்தோ, ஒரு டாலர், இருபது டாலர்ச் சோதனையிலிருந்தோ தொடங்குவது பாடநூல் மரபு. ஆயினும் இதற்கு முதல் வித்து எங்கிருந்து கிடைத்தது என்பதை ஃபெஸ்டிங்கர் தம் நூலின் முன்னுரையிலேயே வெளிப்படையாகக் கூறியுள்ளார். அது 1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்திற்குப் பின் மக்கள் வாயில் உலவிய வதந்திகளின் தொகுப்பு. அவற்றைத் திரட்டி வெளியிட்டவர் பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜமுனா பிரசாத். கோட்பாட்டின் மூலத்தரவு மக்களின் பேச்சு. அப்பேச்சு வேறொரு மொழியில் அச்சேறிக் கடல் கடந்து சென்றது. ஆகவே இவ்வரலாறு உளவியலாருக்கு உரிய அளவு மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது.

1. நிலநடுக்கமும் பிரசாத்தும்

1934 சனவரி 15 அன்று பிற்பகல் இரண்டு மணியைக் கடந்த சிறிது நேரத்தில் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 8 என மதிப்பிடப்படுகிறது. மையம் கிழக்கு நேபாளத்தில் அமைந்திருந்தது. இரு நாடுகளிலுமாகப் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் பேரழிவுக்குள்ளாயின. தந்தியும் தொடர்வண்டியும் அறுபட்டமையால் அழிவுற்ற பகுதிகளிலிருந்து பல நாட்கள் தெளிவான செய்தி வரவில்லை.

அவ்விடைவெளியில் வதந்திகள் பெருகின. கங்கையின் நீர் நடுக்கத்தின்போது மறைந்தது என்றும், நீராடியோர் மணலில் புதைந்தனர் என்றும் கூறப்பட்டது. நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருவதாகச் சொல்லப்பட்டது. சனவரி 18, 19 நாட்களில் பாட்னாவைக் கடும்புயல் தாக்கும். சனவரி 23 கேடு சூழ்ந்த நாள். சந்திர கிரகணத்தன்று மீண்டும் நிலம் நடுங்கும். பிப்ரவரி 26 அன்று பிரளயம் வரும் என்றெல்லாம் நாள் குறித்தும் வதந்திகள் பரவின. பிரசாத் இவற்றை உடனுக்குடன் பதிவுசெய்து, 1935இல் பிரித்தானிய உளவியல் ஆய்விதழில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

வதந்தி பற்றிப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஆல்போர்ட், போஸ்ட்மன் ஆகியோரின் நூல் 1947இல்தான் வந்தது. பிரசாத்தின் கட்டுரை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முற்பட்டது. வதந்தி பிறக்கும் சூழல் எத்தகையது என்பதற்கு அவர் தந்த விளக்கம் இன்றும் பழையதாகிவிடவில்லை. அச்சூழல் மக்களின் உணர்ச்சியைக் கலக்குவதாக இருக்க வேண்டும். வழக்கத்திற்கு மாறானதாக இருக்க வேண்டும். அதில் அறியப்படாத கூறுகளும் சரிபார்க்க இயலாத கூறுகளும் இருக்க வேண்டும். தனியொருவரை மட்டுமன்றிக் குழு முழுவதையும் தொடுவதாக இருக்க வேண்டும். இவற்றோடு, வதந்தியின் உள்ளடக்கம் அக்குழு வழிவழியாகப் பேணிவரும் கதைகள், நம்பிக்கைகள் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுகிறது என்றும் அவர் கருதினார். 1950இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் பிற நாடுகளிலும் பிற காலங்களிலும் நிகழ்ந்த நிலநடுக்கங்களின் வதந்திகளைப் பீகார் வதந்திகளோடு ஒப்பிட்டு, அவற்றிடையே காணப்படும் ஒற்றுமையைக் காட்டினார்.

2. மினசோட்டாவில் ஒரு வினா

1951ஆம் ஆண்டின் இறுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நடத்தை அறிவியல் பிரிவுக்குத் தலைவராயிருந்த பெர்னார்டு பெரல்சன், தகவல் தொடர்பும் சமூகச் செல்வாக்கும் பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து நோக்கும் பணியை ஃபெஸ்டிங்கரிடம் முன்மொழிந்தார். அப்போது அவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வதந்தி பற்றிய எழுத்துகளைப் படிக்கும்போது பிரசாத்தின் கட்டுரை அவர் கைக்கு வந்தது.

அவரைத் தடுத்து நிறுத்திய வினா எளியது. நடுக்கத்தை உணர்ந்தும் பேரழிவுக்கு உள்ளாகாத மக்கள், இன்னும் பெரிய கேடு வரப்போகிறது என்ற செய்திகளை ஏன் பரப்ப வேண்டும்? மனிதர் துன்பம் தருவனவற்றைத் தவிர்த்து இன்பம் தருவனவற்றை நம்புவர் என்பதே அன்றைய உளவியலின் பொது எண்ணம். இவ்வதந்திகள் அச்சத்தை ஊட்டுவன என்று கொண்டால் அவை பரவியதற்குக் காரணம் இல்லை. ஃபெஸ்டிங்கர் வினாவைத் தலைகீழாக்கினார். மக்கள் ஏற்கெனவே அஞ்சியிருந்தனர். ஆனால் சுற்றிலும் பார்த்தால் அஞ்சுவதற்குரிய பொருள் கண்ணில் படவில்லை. அச்சம் இருக்கிறது, அச்சத்திற்குக் காரணம் இல்லை என்னும் இரண்டும் பொருந்தவில்லை. வரப்போகும் பிரளயம் அவ்விடைவெளியை நிரப்பிற்று. இவ்வாறு நோக்கினால் வதந்தி அச்சத்தின் காரணமன்று. ஏற்கெனவே உள்ள அச்சத்தை நியாயப்படுத்தும் கருவி.

இதற்கு எதிர்நிலைச் சான்றும் அவருக்கு இந்தியாவிலிருந்தே கிடைத்தது. 1950ஆம் ஆண்டு டார்ஜிலிங் பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளைக் குறித்துத் துர்கானந்த் சின்ஹா 1952இல் அதே ஆய்விதழில் எழுதியிருந்தார். சரிவையும் சாவையும் நேரில் கண்ட அம்மக்களிடையே மேலும் பெருங்கேடு வரும் என்னும் வகை வதந்திகள் தோன்றவில்லை. அவர்களுடைய அச்சத்திற்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை என்று ஃபெஸ்டிங்கர் கொண்டார். பின்னாளில் அலகாபாத்தில் உளவியல் துறையை நிறுவி, மேலை உளவியலை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மறுசிந்தனை செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியவர் இதே சின்ஹா. அவருடைய இளமைக்கால ஆய்வு ஓர் அமெரிக்கக் கோட்பாட்டின் தூண்களுள் ஒன்றாகிவிட்டதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இவ்விளக்கத்தின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது தரவினின்று தானாக எழுந்த ஒரே விளக்கம் அன்று. பாட்னாவிலும் கட்டடங்கள் சேதமுற்றன. சேதமற்ற ஊர், சேதமுற்ற ஊர் என்னும் கோடு ஃபெஸ்டிங்கரின் நூலில் உள்ள அளவுக்கு நேராக இல்லை. அதனினும் முக்கியமானது மற்றொன்று. டார்ஜிலிங்கில் வதந்தி எழாமைக்குப் பிரசாத்தின் சொந்த விளக்கமே போதுமானது. அங்கே அறியப்படாத கூறும் சரிபார்க்க இயலாத கூறும் குறைவு; எனவே வதந்திக்குரிய நிலைமை நிறைவேறவில்லை. மனத்துள் நிகழும் உறுத்தல் எதனையும் கொண்டுவராமலேயே இரு ஊர்களின் வேறுபாட்டை விளக்கிவிடலாம். குழுவின் சூழலில் வைத்துப் பிரசாத் விளக்கியதைத் தனிமனிதனின் மனத்தில் வைத்து ஃபெஸ்டிங்கர் விளக்கினார். பிரசாந்த் போர்டியா, நிக்கோலஸ் டிஃபோன்சோ ஆகிய இருவரும் 2002இல் எழுதிய கட்டுரையில், சமூக உளவியல் தன் சமூகத் தன்மையை இழந்த வரலாற்றுக்குப் பிரசாத்தின் ஆய்வு மறக்கப்பட்டதையே சான்றாக்கினர். அவர்களுடைய கூற்று ஏற்கத்தக்கது.

3. வதந்தியின் வினைமுற்று

ஃபெஸ்டிங்கரை எட்டியவை ஆங்கில வாக்கியங்கள். பெரும்பாலும் எதிர்காலத்தைச் சுட்டும் நேர்க்கூற்றுகள். பீகார் மக்கள் மைதிலி, மகஹி, போஜ்புரி, இந்தி எனப் பல மொழிகளில் பேசுவோர். இந்தியில் வதந்திக்கு வழங்கும் 'அஃப்வாஹ்' என்னும் சொல் அரபுமொழியில் வாய் என்பதன் பன்மை. சொல்லின் பொருளிலேயே பல வாய்கள் உள்ளன. இந்தியில் இத்தகைய செய்தியைக் கூறுவோர் 'சுனா ஹை' என்றோ, 'கஹதே ஹைம்' என்றோ தொடங்குவது இயல்பு. கேட்டேன், சொல்கிறார்கள் என்பன அவற்றின் பொருள்.

தமிழில் இந்த வேலையை ஓர் இடைச்சொல் செய்கிறது. 'பிரளயம் வரும்' என்பதும் 'பிரளயம் வருமாம்' என்பதும் ஒன்றல்ல. முன்னது கூறுபவரின் உறுதிப்பாடு. பின்னதில் கூறுபவர் செய்தியைக் கைமாற்றுகிறார். அதன் உண்மைக்குப் பொறுப்பேற்பதில்லை. மலையாளத்தில் 'வருமத்ரே' என்பதில் வரும் 'அத்ரே' இதே பணியைச் செய்கிறது. அம்மொழியில் 'போலும்' என்பதும் பிறர் கூற்றை ஐயத்தோடு எடுத்துரைக்கப் பயன்படுகிறது. தமிழிலோ 'போலும்' கூறுபவரின் சொந்த ஊகத்தைக் காட்டுவது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் போன்ற, இரு மொழிகளும் அருகருகே ஒலிக்கும் தெருக்களில் ஒரே வடிவம் இருவேறு சான்றுநிலைகளைக் குறிப்பதை எவரும் கேட்கலாம். பிறர் கூற்றைச் சுட்டும் வடிவங்கள் எல்லாம் பொறுப்பைத் துறப்பன என்றும் கொள்ள இயலாது. இலக்கண நூலார் ஆளும் 'என்ப' என்பதும் பிறர் கூற்றே. ஆனால் அது கூற்றுக்கு வலிமை சேர்க்கிறது. 'ஆம்' அவ்வலிமையைத் தளர்த்துகிறது.

இவ்வேறுபாடு கோட்பாட்டிற்குப் புறம்பானதன்று. ஃபெஸ்டிங்கரின் விளக்கத்திற்கு, வதந்தியைக் கூறுபவர் அதனை ஓர் அறிகையாகத் தம் மனத்தில் கொண்டிருக்க வேண்டும். 'வருமாம்' என்பவர் மனத்தில் இருப்பது பிரளயம் வரும் என்னும் அறிகையா, பிரளயம் வரும் என்று ஊரார் சொல்கிறார்கள் என்னும் அறிகையா? பின்னதாயின் அச்சத்தோடு இசைவது பிரளயம் பற்றிய நம்பிக்கையன்று. எல்லாரும் அஞ்சுகிறார்கள் என்னும் அறிவே. விந்தை யாதெனில், இது ஃபெஸ்டிங்கருக்கு எதிரான வாதமாக முடிய வேண்டியதில்லை. இசைவின்மையைத் தணிப்பதில் பிறரின் உடன்பாடு பெரும்பங்கு வகிக்கிறது என்பது அவருடைய நூலின் ஒரு முக்கியப் பகுதி. பிறர் கூற்றைச் சுட்டும் உருபு அவ்வுடன்பாட்டின் இலக்கண அடையாளமாகவே நிற்கிறது. அச்சான ஆங்கில வடிவில் அவ்வடையாளம் இல்லாமற் போயிற்று.

'பிரளயம்' என்னும் சொல்லின் நிலையும் இத்தகையதே. ஆங்கிலக் கட்டுரையில் அது அவ்வாறே எழுதப்பட்டு, முழுமையான பெருவெள்ளமும் அழிவும் என விளக்கம் தரப்பட்டது. ஸ்ரீவராகம் என்னும் ஊர்ப்பெயருக்குக் காரணமான கோயிலின் இறைவன், நீரில் மூழ்கிய நிலமகளைக் கொம்பால் தூக்கிய வராகம். இத்தொன்மம் அறிந்தோருக்குப் பிரளயம் என்பது முடிவு மட்டுமன்று, மீட்சியும் பின்தொடரும் ஒரு நிகழ்வு. மறுபுறம், 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட வெள்ளத்தை மலையாள நாளிதழ்கள் 'பிரளயம்' என்றே எழுதின. மழைவெள்ளத்திற்கு அங்கு அது இயல்பான சொல். தமிழிலோ அதே நிகழ்ச்சி வெள்ளம். பிரளயம் என்றால் உலகமுடிவு. பாட்னாவில் அச்சொல்லைக் கேட்டவர்கள் எந்த அளவுக்கு அஞ்சினர் என்பது அச்சொல் அவர்கள் பேச்சில் எந்தப் பொருளில் வழங்கியது என்பதைப் பொறுத்தது. அச்சத்தின் அளவையே அடித்தளமாகக் கொண்ட ஒரு கோட்பாட்டிற்கு இது சிறு செய்தியன்று.

4. திருநெல்வேலியில் ஒரு விளக்கம்

நிலநடுக்கத்திற்கு ஒன்பது நாட்களுக்குப் பின், 1934 சனவரி 24 அன்று, திருவிதாங்கூர்ப் பயணத்தை முடித்துத் திருநெல்வேலிக்கு வந்திருந்த காந்தியடிகள், பீகார்ப் பேரழிவு தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை என்று பேசினார். இரவீந்திரநாத் தாகூர் இதனைக் கடுமையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சியை அறநெறியோடு பிணைப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்பது அவர் வாதம். அவருடைய மறுப்பும் காந்தியடிகளின் மறுமொழியும் பிப்ரவரி மாத ஹரிஜன் இதழில் வெளியாயின.

இவ்விவாதம் இங்கு நினைக்கத்தக்கது. நிகழ்ந்துவிட்ட அழிவுக்குப் பொருள் காணும் முயற்சி, வரவிருக்கும் அழிவை அறிவிக்கும் வதந்தியிலிருந்து வேறுபட்டது. ஆனால் இரண்டும் ஒரே வாரங்களில் ஒரே மக்களிடையே நிகழ்ந்தன. ஃபெஸ்டிங்கர் எடுத்துக்கொண்டது வரப்போவதைப் பற்றிய வதந்திகளையே. ஏன் நிகழ்ந்தது என்னும் வினாவுக்கு மரபு தரும் விடைகளை அவருடைய விளக்கம் தொடவில்லை. பிரசாத் மரபுக்கதைகளின் பங்கினை வலியுறுத்தியதன் காரணம் இவ்விடத்தில் தெளிவாகிறது.

5. பின்வந்த ஆய்வுகள்

பாட்னாவில் எழுந்த வினாவுக்கு அமெரிக்காவில் விடை தேடும் வாய்ப்பும் ஒரு பிரளயத்தின் வழியாகவே வந்தது. 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் உலகை அழிக்கும் என்று நம்பிய ஒரு சிறு குழுவுக்குள் ஃபெஸ்டிங்கரும் ஹென்றி ரீக்கன், ஸ்டான்லி ஷாக்டர் ஆகியோரும் தம் ஆட்களை அனுப்பினர். வெள்ளம் வராதபின் அக்குழுவினர் நம்பிக்கையைக் கைவிடாமல் மேலும் பரப்பத் தொடங்கினர் என்று 1956இல் வெளிவந்த நூல் கூறிற்று. இந்நூலின் நம்பகத்தன்மை இப்போது ஐயத்திற்குள்ளாகியுள்ளது. ஆய்வாளர்கள் அனுப்பியோரே குழுவின் போக்கில் தலையிட்டனர் என்பதையும், நூல் கூறும் அளவுக்கு நம்பிக்கை நிலைக்கவில்லை என்பதையும் பழைய ஆவணங்களைக் கொண்டு தாமஸ் கெல்லி 2025இல் எடுத்துக்காட்டினார்.

ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்ட சோதனை கோட்பாட்டைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. 71 மாணவர் சலிப்பூட்டும் வேலை ஒன்றைச் செய்தனர். 11 பேரின் தரவு விலக்கப்பட்டது. அவ்வேலை சுவையானது என்று அடுத்தவரிடம் பொய் கூற ஒரு பகுதியினருக்கு 1 டாலரும் மற்றொரு பகுதியினருக்கு 20 டாலரும் தரப்பட்டன. வேலை எவ்வளவு சுவையாக இருந்தது என்று பின்னர்க் கேட்டபோது, 5க்கும் கழித்தல் 5க்கும் இடைப்பட்ட அளவில் 1 டாலர் பெற்றோரின் சராசரி 1.35, 20 டாலர் பெற்றோரின் சராசரி கழித்தல் 0.05. குறைந்த ஊதியம் பெற்றோர் தம் பொய்க்குப் போதிய காரணம் இன்மையால் தம் கருத்தையே மாற்றிக்கொண்டனர் என்பது முடிவு. பரிசு பெரிதாயின் மாற்றமும் பெரிதாகும் என்னும் அக்காலக் கற்றல் கொள்கைக்கு இது நேர் எதிரானது. அதனாலேயே அடுத்த இருபது ஆண்டுகள் சமூக உளவியலார் இதனைச் சுற்றியே இயங்கினர் எனலாம்.

1967இல் டேரில் பெம், உறுத்தல் எதுவும் வேண்டியதில்லை. மனிதர் தம் நடத்தையைப் பார்த்தே தம் கருத்தை ஊகிக்கின்றனர் என்றார். எலியட் ஆரன்சன், பொருந்தாமை தன்மதிப்பைத் தொடும்போதே வலுப்பெறும் என்று திருத்தினார். ஹைனும் லேமனும் 1997இல் ஜப்பானியரிடையே நிகழ்த்திய சோதனையில் எதிர்பார்த்த விளைவு தோன்றவில்லை. பிறர் பார்வை நினைவூட்டப்பட்டபோது ஜப்பானியரிடமும் அது தோன்றுகிறது என்று கிட்டயாமாவும் உடன் ஆய்ந்தோரும் 2004இல் காட்டினர். பிறர் என்னும் கூறு, பிரசாத்தின் 1935ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொடக்கத்திலேயே இருந்தது. 2024இல் 19 நாடுகளின் 39 ஆய்வகங்களில் 4,898 பேரிடம் ஒரு சோதனை மீளச் செய்யப்பட்டது. தம் கருத்துக்கு மாறாக எழுதியோரின் கருத்து நகர்ந்தது. ஆனால் விரும்பி எழுதியோருக்கும் பணிக்கப்பட்டு எழுதியோருக்கும் கோட்பாடு கூறும் வேறுபாடு காணப்படவில்லை.

6. கலைச்சொல்

தமிழில் இக்கோட்பாட்டின் பெயர் பலவாறு வழங்குகிறது. முதற்கூறுக்கு அறிதிறன், அறிவாற்றல், அறிகை ஆகியவை உள்ளன. ஃபெஸ்டிங்கர் கருதியது அறிவை மட்டுமன்று. கருத்தும் நம்பிக்கையும், பொய்யான நம்பிக்கையும்கூட, அதில் அடங்கும். திறன், ஆற்றல் என்பன செயல்வன்மையைக் குறிப்பன. ஓர் ஆளின் மனத்தில் உள்ள தனித்தனிக் கூறுகளைக் குறிக்க அவை உதவா. இலங்கைத் தமிழ்க் கல்வியியல் நூல்களில் நிலைபெற்ற 'அறிகை', 'அறிகைகள்' எனப் பன்மையும் ஏற்பதால் பொருத்தமானது.

இரண்டாம் கூறுக்கு முரண்பாடு என்பதே பெரும்பான்மை வழக்கு. இது பொருந்தாது. தொடக்கத்தில் தாம் பயன்படுத்திய ஒவ்வாமைச் சொல்லைக் கைவிட்டு இசைத்துறைச் சொல்லை எடுத்ததற்குக் காரணம், அது தருக்கச் சாயல் குறைந்தது என்று ஃபெஸ்டிங்கர் எழுதியுள்ளார். முரண்பாடு என்று மொழிபெயர்க்கும்போது அவர் விலக்கிய தருக்கச் சாயல் மீண்டும் உள்ளே நுழைந்துவிடுகிறது. மேலும் யாப்பில் முரண் ஒரு தொடை; தமிழ் மரபில் அது இன்பம் தரும் அணி, உறுத்தல் அன்று.

பண்டைத் தமிழ் இசைநூல் மரபில் நரம்புகளின் உறவு இணை, கிளை, நட்பு, பகை என நால்வகைப்படும். பகை என்பது பொருளால் மிக நெருங்கியது. ஆயினும் இன்றைய வழக்கில் அது மனிதரிடையே உள்ள பகைமையையே நினைவூட்டும். வடமொழி இசைமரபின் 'விவாதி' இதே கருத்துடையது. அதனோடு உறவுடைய 'விவாதம்' வாதத்திற்கே உரியதாகிவிட்டது. ஒவ்வாமையை மருத்துவம் எடுத்துக்கொண்டது. 'இசைவின்மை' என்பதிலோ, இசைதல் என்னும் வினை ஒலி பொருந்துதலையும் மனம் உடன்படுதலையும் ஒருங்கே குறிக்கிறது. மூலச்சொல்லின் உருவகம் வேறொன்றின் துணையின்றித் தமிழில் நிற்கிறது. எதிர்மறைச் சொல்லாதலால் உறுத்தலின் வலி அதில் குறைவு என்பது உண்மை. அக்குறையை உடன்வரும் வினையால் ஈடுசெய்யலாம். பாடநூல்கள் சில 'இசைவின்மைக் குறைப்பு' என்று எழுதுகின்றன. பசி தணிதல், தாகம் தணிதல், சினம் தணிதல் என்னும் தொடர்கள் வழக்கில் இருக்க, பசியோடு ஒப்பிடப்பட்ட இவ்வுறுத்தலுக்கும் 'இசைவின்மைத் தணிப்பு' என்பதே ஏற்கும்.